வெறுங்குழி

அப்பாவுக்குத் தண்ணீர் வாரியத்தில் காது வேலை. யாராவது கேட்டால் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். தெருவுக்கு அடியில் ஓடும் குழாய் எங்கே விரிசல் விட்டு ஒழுகுகிறது என்று மேலே நின்று கேட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன இடத்தில் மஞ்சள் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார். பின்னால் வரும் ஆட்கள் அந்த வட்டத்தைத் தோண்டுவார்கள். "சம்பளம் வாங்கிக்கிட்டு ஒட்டுக்கேக்கற ஒரே மனுஷன்" என்பாள் அம்மா. கோபம் வந்தால் இன்னும் கொஞ்சம் நீளும்: "மண்ணுக்கு அடியில தண்ணி முணுமுணுத்தா கேக்குது. பக்கத்துல நின்னு நான் கத்தறது கேக்கல."

அவர் போய் ஒரு மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அந்தக் காதைப் பற்றியே பேசினார்கள். அது ஒருநாளும் தப்புச் சொன்னதில்லை என்றார்கள். மகள் யாரையும் திருத்தவில்லை. டீ கொண்டு வந்து வைத்தாள், காலிக் குவளைகளை எடுத்துப் போனாள். தப்புச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அது ஏன் என்பது வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

வாரியத்தில் அவர் குழி வெட்டும் ஆளாகத்தான் சேர்ந்தார். அப்போது கேட்கும் வேலை பார்த்தவர் ஒருநாள் சளி பிடித்துக் காதடைத்துப்போய் வந்தார். ஹெட்போனை யார் தலையிலாவது மாட்ட வேண்டியிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் கடப்பாரையோடு நின்றவர் அப்பா. மாட்டிக்கொண்டு நாலடி நடந்து "இங்க" என்றார். தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு அவரைக் கடப்பாரையைத் தொட விடவில்லை. அந்தச் சத்தத்தில் காது கெட்டுவிடுமாம்.

கருவி எளியது. தரையில் வைக்க ஒரு கனத்த வட்டு, அதற்குள் மைக். அதிலிருந்து ஒரு கம்பி தோளில் தொங்கும் பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து இன்னொரு கம்பி ஹெட்போனுக்கு. பெட்டியின் முகத்தில் இரண்டு குமிழ்கள். இடப்பக்கக் குமிழ் தணிந்த ஓசைகளை வெட்டும்: லாரி உறுமல், காலடி, எங்கோ ஓடும் மோட்டார். வலப்பக்கக் குமிழ் உச்சத்தில் இருப்பதை வெட்டும்: காற்றின் கிறீச்சு, சரளை நெரிபடுவது. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுகிற பட்டையில்தான் ஒழுகல் இருக்கும். மகள் பின்னாளில் படித்த பாடத்தில் அதற்குப் பேண்ட்பாஸ் ஃபில்டர் என்று பெயர். ஒரு பட்டையை மட்டும் விட்டு மற்றதைத் தடுப்பது. அப்பா அதைச் சந்து என்றார். "லாரி வருது, சந்தச் சின்னதாக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திருப்புவார். இரும்புக் குழாய் என்றால் சந்து மேலே இருக்க வேண்டும். அங்கே மெல்லிய சீறல் கேட்கும். பிளாஸ்டிக் என்றால் கீழே. தொண்டைக்குள் பேசுகிற மாதிரி. சந்தைச் சுருக்கச் சுருக்க மற்றதெல்லாம் விலகி ஒரு சீறல் மட்டும் தனித்து நின்றால், அதுதான் ஒழுகல். அவர்கள் வேலைக்கு அதுதான் அரிச்சுவடி. அதுதான் பிறகு அவர் காலை வாரிவிட்டது.

தெரு விழித்துக்கொண்டால் கேட்க முடியாது என்பதால் விடியும் முன்னே கிளம்பிவிடுவார். வீட்டில் குழாய் சொட்டினால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போவார். ரேடியோ வைக்க விட மாட்டார். பஸ் நிலையத்துக்குப் போனால் காதில் பஞ்சு. மகள் வேறு வீடுகளுக்குப் போய்வரத் தொடங்கும்வரை, மனிதர்கள் கதவை அறைந்து சாத்துவார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது.

அவள் எலெக்ட்ரானிக்ஸ் படித்தாள். தலையில் மாட்டிக்கொண்டு போன் பேசும் கருவிகள் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்தது. பேசுகிறவர் குரலை மட்டும் உள்ளே விட்டு, பின்னால் சுற்றும் மின்விசிறி, அடுத்த மேசைக்காரரின் அரட்டை இவற்றையெல்லாம் வெளியே நிறுத்துவது அவள் பொறுப்பு. அன்று அப்பா கேட்டார்: "நீயும் சந்துக்குத்தான் வந்து சேந்தியா?" அதற்கு மேல் பாராட்டவில்லை. அவரிடமிருந்து அதுவே அதிகம்.

முதல் வெறுங்குழி ஒரு தையல்கடை வாசலில். தோண்டிய இடத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் அதற்கு அந்தப் பெயர். எப்போதாவது எல்லாருக்கும் விழுவதுதான். குழாய் ஈரமே இல்லாமல், ஒரு குறையும் இல்லாமல் மண்ணுக்குள் படுத்திருந்தது. அப்பா மண்ணை எடுத்து விரலால் நெரித்துப் பார்த்தார். அடுத்தது பள்ளிக்கூடத்தின் பின்மதில் ஓரம். அதற்கடுத்தது பூட்டிக் கிடந்த ஒரு கிடங்குக்குப் பின்னால். தோண்டுவதைவிட வெறுங்குழியை மூடுவது எரிச்சலான வேலை. மேஸ்திரி அப்பாவோடு ஒன்றாகச் சேர்ந்தவர், உரிமையோடு பேசுகிறவர். மூன்றாவதை மூடும்போது மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, "அண்ணே, தண்ணி தெருவுல ஓடுதா, உங்க காதுக்குள்ள ஓடுதா?" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தாராம்.

அதிகாரி வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். கத்தவில்லை. இன்னொரு வெறுங்குழி விழுந்தால் ஹெட்போனை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அப்பாவை வால்வுக் கிடங்குக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது மேசை மேலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அடுத்த வேலை மருத்துவமனைத் தெருவில். அங்கே மேல்மாடிகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. அழுத்தம் வழியில் எங்கோ கசிந்து போய்க்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அப்பா பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்து மகளின் மேசையில் வைத்தார். அவளிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். வைத்துவிட்டுச் சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இதுக்குள்ள ஒரு சத்தம் உக்காந்துக்கிட்டு இருக்கு. எடுத்துக் குடும்மா."

அவள் திறந்து பார்த்தாள். சில இடங்களில் பற்றவைப்பு தளர்ந்திருந்தது. சரிசெய்தாள். கம்பெனியிலிருந்து எடுத்து வந்த அளவுமானியை மாட்டிப் பார்த்தாள். பெட்டி சுத்தமாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பழைய ஃபில்டரின் ஓரங்கள் சரிவாக இருந்தன. வெட்ட வேண்டிய ஓசையில் கொஞ்சம் ஒழுகி உள்ளே வரும். அவள் அதை எடுத்துவிட்டு, ஓரங்கள் செங்குத்தாக விழுகிற புதிய ஃபில்டரைப் பொருத்தினாள். நல்ல வேலைதான். இன்றைக்குப் பார்த்தாலும் அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் அப்பா சந்தோஷமாக வந்தார். இப்போது பளிச்சென்று இருக்கிறது, லாரி பக்கத்தில் போனால்கூடத் தெரியவில்லை என்றார். அதற்கடுத்த நாள் வேறு முகத்தோடு வந்தார். மருத்துவமனைத் தெரு முழுக்க நடந்திருக்கிறார். எல்லா இடத்திலும் சீறல். மருந்துக் கடையின் பின்சுவர் ஓரத்தில் பலமாக. தெருக்கோடியில் அதைவிடப் பலமாக.

"தெருக்கோடியில குழாயே கெடையாதும்மா" என்றார். "போட்டப்ப நான்தானே பள்ளம் வெட்டுனேன்."

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். அப்பா இன்னும் வட்டம் போடவில்லை. மறுநாள் விடுமுறை. அதற்கு மறுநாள் காலை மேஸ்திரியும் ஆட்களும் வந்துவிடுவார்கள்.

விடுமுறைப் பிற்பகலில் மகள் வட்டை நாலாக மடித்த போர்வைமேல் வைத்தாள். அந்த இடத்தில் கேட்க ஒன்றுமே இல்லை. அப்பாவை உட்கார வைத்து ஹெட்போனை மாட்டச் சொன்னாள். அவர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் ஹெட்போனை அழுத்திக்கொண்டார். இன்னொரு கை தொடைமேல் விரிந்து கிடந்தது. அவள் இடப்பக்கக் குமிழைத் திருப்பினாள். சீறல் மாறுகிறதா என்று கேட்டாள். இல்லை. வலப்பக்கக் குமிழ். இல்லை. மற்றதெல்லாம் போய்விட்டது, இது மட்டும் நிற்கிறது என்றார். அவள் இரண்டு குமிழையும் சேர்த்து, சீறலே நுழைய முடியாத அளவுக்குப் பட்டையைக் கீழே தள்ளினாள். அப்படியே இருக்கிறது என்றார்.

எந்த ஃபில்டரும் இப்படி நடந்துகொள்ளாது. அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பெட்டி பழசாகிவிட்டது என்று சொல்லலாம். வாரியத்தில் வேறு பெட்டி கொடுப்பார்கள். அதை மாட்டிக்கொண்டு போய் நாலாவது குழியைத் தோண்டச் சொல்வார். சொல்லாமல் இருப்பது அன்று ஒருநாள் தாங்கும், அவ்வளவுதான். அவள் பெட்டியிலிருந்து ஹெட்போன் கம்பியைப் பிடுங்கினாள்.

"இப்ப?"

"இப்பதான் நல்லா கேக்குது. என்ன பண்ணுன?"

அவள் கம்பியின் முனையை அவர் விரித்திருந்த உள்ளங்கையில் வைத்தாள். அவர் கண்ணைத் திறந்து கையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

எவ்வளவு காலமாக இருக்கிறது என்று மகள் கேட்டாள்.

"தெரியலம்மா. எல்லாருக்கும் இருக்கும்னு நெனச்சேன்." பிறகு, "சத்தமே இல்லன்னா இப்படித்தான் கேக்கும்னு நெனச்சுட்டேன்" என்றார்.

வாசற்படியிலிருந்து அம்மா கேட்டாள், நான் கூப்பிட்டதற்கெல்லாம் பதில் வராததற்கும் இதுதான் காரணமா என்று. அப்பா யோசித்துப் பார்த்து, "அது வேற" என்றார். மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை.

ஹெட்போனும் கையுமாக இத்தனை வருஷம். அதோடு கூடவே ஓடிய ரோடு உடைக்கும் இயந்திரங்கள். காது களைத்துப்போய்த் தானே ஒரு சீறலை உண்டாக்கிக்கொண்டிருந்தது. ஃபில்டர் மற்ற ஓசைகளைக் கழிக்கக் கழிக்க அது தெளிவாகக் கேட்டது. தனித்து நிற்பதுதான் ஒழுகல் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மகளின் ஃபில்டர் இன்னும் சுத்தமாகக் கழித்தது; சீறல் இன்னும் தெளிந்தது. வெறுங்குழிகள் விழுந்த இடங்களை அவள் மனதில் வரிசையாகப் பார்த்தாள். தையல்கடை அன்று திறக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பின்மதில் பக்கம் யாரும் போவதில்லை. கிடங்கு பூட்டிக் கிடந்தது. ஒவ்வொரு தெருவிலும் இருப்பதிலேயே அமைதியான இடத்தைத் தேடித் தேடித் தோண்டியிருக்கிறார்கள்.

அடுத்த நாள் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரோடு போனாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போகிற வழியில் அவள் ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னாள்: "குமிழத் திருப்பும்போது மாறினா அது தெருவோடது. மாறலன்னா உங்களோடது." அவர் அதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மருத்துவமனைத் தெருவில் ஆட்கள் ஓரமாகக் குந்தியிருந்தார்கள். மேஸ்திரி மகளைப் பார்த்து, "தங்கச்சி, அப்பாவுக்குத் துணைக்கா, காவலுக்கா?" என்றார். தெரிந்துதான் கேட்டாரா என்று அவளுக்குப் புரியவில்லை. வேடிக்கை பார்க்க வந்தேன் என்றாள்.

முன்பெல்லாம் அப்பா கேட்டுக்கொண்டே நடப்பார். நிற்க வேண்டிய இடத்தில் கால் தானே நின்றுவிடும். அன்று ஒவ்வோர் அடியிலும் வட்டை வைத்தார், இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார், தலையை ஆட்டிக்கொண்டார், எடுத்தார். அடுத்த அடி. தெரியாத வீட்டில் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகிறவர் மாதிரி. கிழக்கு வெளுத்தது. பால்வண்டி போயிற்று. வேலை முடிந்த நர்சுகள் இரண்டு பேர் சாலையைக் கடந்து போகும்வரை வட்டின்மேல் கையை வைத்துக் காத்திருந்தார். ஆட்களில் ஒருவர் இருமியபோது திரும்பிப் பார்த்தார். கோபமில்லை, கெஞ்சலாக இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மகள் எழுந்து போய் உதவவில்லை. அவள் மாட்டிக் கேட்டால் எல்லா ஓசையும் கேட்கும், எது ஒழுகல் என்று தெரியாது.

சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு முன்னால் அவர் வெகுநேரம் குந்தியிருந்தார். திருப்பினார். மறுபடியும் திருப்பினார். பிறகு சுண்ணக்கட்டியை எடுத்து வட்டம் போட்டார். வழக்கத்தைவிடச் சின்ன வட்டம்.

"தோண்டுங்க" என்றார். தள்ளிப் போய் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். குழியை அவர் பார்க்கவில்லை.

முதலில் மண் நிறம் மாறியது. பிறகு மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. குழாய் தெரிந்தபோது, சீறல் ஹெட்போன் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. மேஸ்திரி முழங்கால்வரை சேற்றில் நின்றுகொண்டு, அண்ணனுக்குக் காது திரும்பி வந்துவிட்டது, டீ அண்ணன் செலவு என்று அறிவித்தார். அதிகாரி தன் வண்டியிலிருந்து இறங்கி வந்து அப்பாவின் தோளில் கை வைத்தார். அதிகாரியின் முகத்தில்தான் எல்லாரையும்விட நிம்மதி.

அப்பா எழுந்தார். ஹெட்போனைக் கழற்றிக் கம்பியைச் சுற்றினார். முழங்கைக்கும் பெருவிரலுக்கும் இடையே, முறுக்கு விழாமல், அவர் எப்போதும் சுற்றுகிற மாதிரி. பெட்டியோடு சேர்த்து அதிகாரியிடம் நீட்டினார்.

"இத வேற யார்கிட்டயாவது குடுங்க சார்."

"என்னங்க, இன்னிக்குச் சரியாச் சொல்லிட்டீங்களே."

"சரியாத்தான் சொன்னேன். கேட்டுச் சொல்லல. அது இல்ல, இது இல்லன்னு கழிச்சுக் கழிச்சுச் சொன்னேன். தெருத்தெருவா இப்படி என்னால முடியாது." அதிகாரிக்குப் புரியவில்லை என்று தெரிந்து, "அலுத்துப்போச்சு சார்" என்று முடித்துக்கொண்டார்.

அலுப்பு எல்லாருக்கும் புரிகிற காரணம். ஜெயித்த கையோடு இறங்கிவிட்டார் என்று வாரியத்தில் பேசிக்கொண்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னது அந்தக் கதைதான்.

வால்வுக் கிடங்கு அவர் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது. வேலை சுலபம், வால்வுகளைத் துடைத்து எண்ணெய் போட்டு அலமாரியில் வைக்க வேண்டும், கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் தடித்த சுவர், உள்ளே சத்தமே கிடையாது. சீறல் நாள் முழுக்க அவரோடு இருந்தது. காது டாக்டர் இது போகாது, பழகிக்கொள்ளுங்கள் என்றார். அப்பா படுத்தும் தூங்காமல் கிடந்தார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரேடியோ வேண்டாம் என்றவர் தானே ஒன்றை வாங்கி வந்து, நிலையம் எதிலும் நில்லாத இடத்தில் முள்ளை வைத்துக் கரகரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். அது போதவில்லை.

மகளுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. சீறல் எந்தச் சுருதி உயரத்தில் இருக்கிறதோ அதே பட்டையில் வெளியிலிருந்து ஓர் இரைச்சலை மெல்லக் கொடுத்தால், காது உள்ளே இருப்பதைக் கொஞ்சம் மறக்கும். எல்லா உயரமும் கலந்த இரைச்சலை எடுத்து, பேண்ட்பாஸ் ஃபில்டர் வழியாக விட்டு, வேண்டிய துண்டை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முதலில் அவருக்குள் இருப்பது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் இரண்டு ஹெட்போன்களை மாட்டினாள். ஒன்று அவருக்கு, ஒன்று தனக்கு. அவள் பட்டையை நகர்த்தினாள். அவர் கையால் சைகை காட்டினார். இன்னும் மேலே. இன்னும். தாண்டிவிட்டாய், கீழே வா. மூவாயிரம் ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே வந்தபோது உள்ளங்கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அகலம் கேட்டாள். சுருக்கச் சொன்னார். இரைச்சல் மெலிந்து, கிட்டத்தட்ட விசில் மாதிரி, ஆனால் விசில் ஆகாமல், ஓர் இடத்தில் நின்றது.

"இதேதான்" என்றார். "ஆனா சின்னதா இருக்கு."

அவள் ஒலியைக் கூட்டினாள். அவர் தலையாட்டவில்லை. இன்னும் கூட்டினாள். அவள் மனதில் அது ஒரு மெல்லிய சீறலாகத்தான் இருந்தது. அவரே அப்படித்தான் சொல்லியிருந்தார். இன்னும் கூட்டினாள். இப்போது அம்மா சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. தான் மூச்சு விடுவது கேட்கவில்லை. பல் கூசியது. அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சாதாரணமாக, பஸ்ஸுக்கு நிற்கிறவர் போல உட்கார்ந்திருந்தார். இன்னும் கொஞ்சம் கூட்டிய பிறகுதான் கையைக் காட்டினார்.

"ஆங். இவ்வளவுதான்."

அவளால் அதில் அதிகம் இருக்க முடியவில்லை. கழற்றி மேசைமேல் வைத்தாள். வைத்த இடத்திலிருந்தும் அது கேட்டது. இதற்கு நடுவில்தான் அவர் டீ குடித்துக்கொண்டு, மேஸ்திரியின் கிண்டலுக்குச் சிரித்துக்கொண்டு, அவள் வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவள் அழுதாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று கேட்டார். நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆமாப்பா."

"அப்படியா" என்றார். கொஞ்சம் ஆறுதல் கிடைத்தவர் போலத் தெரிந்தது.

அந்த இரைச்சலை ஒரு சின்னக் கருவியில் போட்டுக் கட்டிலோரம் வைத்தாள். பாதி வேலை செய்தது. பாதித் தூக்கம் முன்பு இருந்த கொஞ்சத்தைவிட மேல் என்றார். கிடங்கு வேலை முடிந்து வீட்டோடு இருந்த வருஷங்களிலும் அது ஓடியது. கடைசியில் நெஞ்சு வலித்து மருத்துவமனையில் கிடந்தபோது, அதைக் கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், இங்கே ஆட்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், போதும் என்றார்.

மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். புதுக் கருவிக்குக் குரல் பட்டையைச் சரிசெய்ய வேண்டும். கீழிருந்து தொடங்கி மேலே போகிறாள், ஒவ்வோர் உயரத்திலும் எதை விடுவது எதை வெட்டுவது என்று பார்த்துக்கொண்டே. மூவாயிரத்தைத் தாண்டியதும் கை நிற்கிறது. அந்த இடத்தில் குரலின் தெளிவு இருக்கிறது, வெட்ட முடியாது, கொஞ்சம் தணிக்கலாம். தணித்து எழுதிக்கொள்கிறாள். மேலே போகிறாள். சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.